கடாரக் கடலின் பவளப்பார்

பாயார்த் தீவுக்குச் செல்லும் விசைப்படகில் ஏறுவோர், கடற்காற்றின் சுவையை உணருமுன்னரே வழிகாட்டியின் எச்சரிக்கையைக் கேட்கின்றனர். பவளத்தைத் தொடலாகாது, அதன்மீது கால் ஊன்றலாகாது, மீனுக்கு உணவு இடலாகாது, சங்கு, சிப்பி, உடைந்த பவளத் துண்டு எதனையும் எடுத்துச் செல்லலாகாது. இந்நான்கையும் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் போதும். மிதவைச் சட்டையின் வாரை இறுக்குவதில் முனைந்திருக்கும் இளைஞர்களின் காதில் அது முழுவதும் விழுவதுமில்லை. ஆயினும் அந்த ஒரு நிமிட உரை தோன்றுவதற்கு மனித இனம் நெடுங்காலம் கடலோடு பழக வேண்டியிருந்தது. பழகியது மட்டுமன்றி, அதனைப் பாழாக்கவும் வேண்டியிருந்தது. அவ்வரலாற்றில் தமிழரின் பங்கு சிறிதன்று.

பாயார், கெடா மாநிலத்தின் கடலில், லங்காவிக்குத் தெற்கே முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் அமைந்த ஒரு சிறு தீவு. அதன் நீளம் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. ஊரும் இல்லை, வயலும் இல்லை. லெம்பு, காச்சா, செகந்தாங் என்னும் மூன்று சிறு தீவுகள் அதன் உறவினர்போல் நிற்கின்றன. மலாக்கா நீரிணையில் ஆறுகள் கொணரும் வண்டலால் நீர் கலங்கியிருப்பது இயல்பு. பவளம் ஒளியை நாடும் உயிர். கலங்கிய நீரில் அது செழிப்பதில்லை. கரையை விட்டு விலகி நிற்பதால் பாயாரைச் சூழ்ந்த நீர் தெளிவு பெற்றது. தீபகற்பத்தின் மேற்குக் கடலில் பவளம் சிறந்து விளங்கும் இடம் இதுவே எனலாம்.

சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் போன்ற ஊர்களிலிருந்து பள்ளி விடுமுறையில் புறப்படும் குடும்பங்கள், கோலக் கெடாவில் பெரும்படகேறி லங்காவியின் கூவா நகரை அடைந்து, அங்கிருந்து விசைப்படகில் பாயாருக்குச் செல்வது வழக்கமாயிற்று. அப்பயணத்தில் நெடுநேரம் கண்ணுக்குத் துணையாய் வருவது குனோங் ஜெராய். 1217 மீட்டர் உயர்ந்த அம்மலை, கடலோடிகளுக்கு இயற்கை நாட்டிய கொடிமரம். திசைகாட்டும் கருவி இல்லாத நாளில், வங்கக் கடலைக் கடந்து வந்த மரக்கலங்கள் அதனைக் குறிவைத்தே கரை சேர்ந்தன. அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் கிடைத்த கோயில் அடித்தளங்களும் கல்வெட்டுகளும் அந்தப் போக்குவரவுக்குச் சான்று பகர்கின்றன.

கடாரம் என்றதும் தமிழர் நெஞ்சில் எழுவது இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பு. ஆனால் அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்னர், இராசராச சோழன் காலத்தில், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். அவ்விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைச் சோழ மன்னன் கொடையாக அளித்தான். அச்செய்தியைத் தாங்கிய செப்பேடுகள் பின்னாளில் ஆலந்து நாட்டு லெய்டன் நகரைச் சென்றடைந்தன. படையெடுப்பை நினைவில் வைத்த நாம், அதற்கு முந்திய நட்பை மறந்துவிட்டோம். இந்தக் கடல் போர்க்களமாவதற்கு முன்னர் உறவின் பாதையாக இருந்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இரண்டாம் முறை தமிழர் பெருந்திரளாக இக்கடலைக் கடந்தது வேறு கோலத்தில். 1786இல் கெடா சுல்தானிடமிருந்து பினாங்கு ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. 1909இல் சயாமுடன் செய்த உடன்படிக்கையால் கெடாவும் அவர்களது ஆதிக்கத்தின்கீழ் வந்தது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தொழிலாளர்கள் மேல்தட்டில் நெருக்கியடித்து அமர்ந்து பினாங்கை அடைந்தனர். மலாயாவுக்கான ஒப்பந்தக்கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது; கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது 1938இல் நின்றது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பல் 1970களின் தொடக்கம் வரை அத்தடத்தில் ஓடிற்று. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அதன்பின் ஓடிய 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் தீப்பற்றியது. அத்துடன் அக்கப்பல் பயணமும் முடிந்தது.

அவ்வாறு வந்தவர்களுக்குக் கடல் என்பது பிரிவின் மறுபெயர். வந்து சேர்ந்தபின் அவர்களது உலகம் பால்மரக் காடும் லயமும் கோயிலும் பள்ளியுமாகச் சுருங்கிற்று. கடற்கரை சில மைல் தொலைவில் இருந்தும், விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து மாலை வரை உழைத்தவர்களுக்குக் கடலைக் காண நேரம் ஏது? தோட்டத்து அடுப்படிக்குக் கடல் கருவாடாகவே வந்தது. அலையின் மேற்புறத்தை ஒருமுறை கண்டவர்கள், அதன் உட்புறத்தை ஒருநாளும் கண்டாரில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்த பின்னரே, அவர்களின் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்காகக் கடலுக்குச் செல்லும் காலம் பிறந்தது.

எனினும் கடலின் உட்புறம் தமிழருக்குப் புதியதன்று. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தோர் நம் முன்னோர். முத்துச் சிப்பி வாழும் கடலடித் திட்டினை அவர்கள் 'பார்' என்றனர். காலில் கல்லைக் கட்டிக் கொண்டோ, கல்லின்மீது கால் வைத்தோ ஆழத்தில் இறங்குவர். ஒரு மூச்சு அடங்கும் அளவில், ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள், கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் அள்ளுவர். கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார். கொற்கை முத்தின் புகழ் யவன நாடு வரை சென்றது. ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்புளுஸ்' என்னும் கிரேக்க நூல், கொற்கையில் முத்துக் குளித்தோர் தண்டனை பெற்ற கைதிகள் எனக் குறிக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, சுறாமீனை மந்திரத்தால் கட்டுவோருக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு அளிக்கப்பட்டதாக எழுதினார். பின்னாளில் அவர்களைக் 'கடல்கட்டி' என அழைத்தனர். அரசியரின் கழுத்தில் ஒளிர்ந்த முத்துக்கு அடியில் இத்தகைய மூச்சடைப்பும் அச்சமும் கிடந்தன.

கடலடியைக் கூலிக்காக அன்றிக் களிப்புக்காகக் காணும் வழக்கம் அண்மைக் காலத்தது. நீருக்குள் வெறுங்கண் மங்கலாகவே காணும். கண்ணுக்கும் நீருக்கும் இடையே காற்று நின்றால்தான் உருவம் தெளியும். இந்த எளிய உண்மையே முகக் கண்ணாடியின் அடிப்படை. பிரெஞ்சு நாட்டின் லூயி த கோர்லியூ என்பார் 1933இல் காலில் மாட்டும் நீந்துதுடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1943இல் கூஸ்தோ, காஞ்ஞான் இருவரும் நீரடிச் சுவாசக் கருவியை உருவாக்கினர். மூச்சுக்குழலின் பெயரான 'ஸ்நோர்கல்' என்பதோ, செர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களின் காற்றுக் குழாய்க்கு வழங்கிய சொல்லிலிருந்து வந்தது. படகின் பின்புறம் பொருத்தும் விசையை ஓலே எவின்ரூட் என்பார் 1909இல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். போர்க்கருவியின் பெயரும் மீனவரின் விசையும் இணைந்து, நீந்தப் பழகாத பள்ளிச் சிறுவனையும் மிதவைச் சட்டையுடன் பவளப்பாரின்மேல் மிதக்க வைத்தன.

அவன் அங்குக் காண்பது என்ன? பூச்செடி போலவும் மான்கொம்பு போலவும் மூளை போலவும் தோன்றுபவை கல்லும் அல்ல, செடியும் அல்ல. குண்டூசித் தலையளவே ஆன உயிர்கள் கோடிக்கணக்கில் கூடிச் சுண்ணத்தால் கட்டிய வீடுகள் அவை. அவ்வுயிர்களின் உடலுக்குள் கண்ணுக்குப் புலனாகாத பாசிகள் குடியிருந்து, கதிரொளியால் உணவு சமைத்து வாடகையாகத் தருகின்றன. பவளத்தின் வண்ணமும் பெரும்பாலும் அப்பாசிகளின் கொடையே. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மட்டுமே வளரும். ஒரு சிறுவனின் உயரத்துக்கு அது எழும்ப ஒரு நூற்றாண்டு வேண்டும். கால் ஊன்றலாகாது என்னும் விதியின் பொருள் இங்கே விளங்குகிறது. ஒரு தலைமுறை தோட்டத்தில் வேரூன்றியதற்குள் உருவான பவளம், ஒரு விநாடியின் மிதியில் முறிந்துபோகும்.

பாயாரைக் காக்கும் சட்டமும் படிப்படியாகவே வந்தது. மலேசிய நாடாளுமன்றம் இயற்றிய 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் கடற்பூங்காக்களுக்கு வழிவகுத்தது. 1994இல் பிறப்பிக்கப்பட்ட ஆணையின்கீழ்ப் பாயாரும் அதன் துணைத் தீவுகளும் கடற்பூங்காவாயின. கரையிலிருந்து இரண்டு கடல் மைல் வரை மீன் பிடித்தலும் பவளம் எடுத்தலும் விலக்கப்பட்டன. நங்கூரம் பவளத்தை உடைக்கும் என்பதால், படகுகளைக் கட்ட மிதவைகள் அமைக்கப்பட்டன. 1999 முதல் பார்வையாளரிடம் ஐந்து வெள்ளி பராமரிப்புக் கட்டணம் வாங்கப்பட்டது.

ஆனால் காப்பு வந்த காலத்திலேயே கூட்டமும் வந்தது. 1987இல் லங்காவி தீர்வையற்ற தீவாக அறிவிக்கப்பட்டது. 1980களின் இறுதியில் ஆண்டுக்குச் சில ஆயிரவரைக் கண்ட பாயார், 1990களின் நடுவில் பல்லாயிரவரைக் கண்டது. பவளத்தைக் காண வந்தவர்களின் காலே பவளத்தை உடைத்தது. அவர்கள் இட்ட ரொட்டித் துண்டே மீன்களின் இயல்பைக் கெடுத்தது. கரையோர ஆழமற்ற நீரில், துடுப்பு நுனியில் கறுப்பு மை தொட்டாற்போல் நீந்தும் சுறாக்குட்டிகள் இத்தீவின் பெருமை. ஒருகாலத்தில் சுறாவிடமிருந்து மனிதனைக் காக்க மந்திரவாதியைத் தேடினர். இன்றோ மனிதனிடமிருந்து சுறாவைக் காக்க வழிகாட்டி வேண்டியிருக்கிறது!

காவாது விட்டால் நேர்வதென்ன என்பதை நம் தாய்மண்ணே காட்டிவிட்டது. மன்னார் வளைகுடாவில் இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லாகவும் அங்குப் பவளம் பல்லாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டது. அரணாக நின்ற பார் குறைந்ததும் அலை தடையின்றிப் பாய்ந்தது. பூவரசன்பட்டி, விளாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் கடலுள் மறைந்தன. 1986இல் அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. மறைந்த தீவுகள் திரும்பவில்லை.

நிலத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. ஜெராய் அடிவாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்கின் பழஞ்சின்னங்களுள் பதினொன்றாம் எண் பெற்ற கோயில் அடித்தளம், 2013இல் நில மேம்பாட்டுப் பணியின்போது இடித்துத் தள்ளப்பட்டது. பல நூற்றாண்டு மழையையும் வேரையும் தாங்கிய கற்கள் இயந்திரத்தின்முன் நிற்கவில்லை. நீருக்குள் பவளமும் நிலத்துக்குள் கல்லும் ஒரே பாடத்தையே உரைக்கின்றன: மெல்ல மெல்ல அமைந்தவை விரைந்து அழியும், ஏட்டில் பதிந்த காப்பும் மக்கள் மனத்தில் பதிந்த மதிப்பும் இல்லையேல் எதுவும் நிலைப்பதில்லை.

சட்டம் ஒன்றே போதும் என்று அமைதி கொள்ளவும் இயலாது. கடல்நீர் அளவு மீறிச் சூடேறினால் பவளம் தன்னுள் வாழும் பாசிகளை வெளியேற்றி வெளிறிவிடும். வெப்பம் நீடித்தால் மடியும். 2010இல் அவ்வாறு வெளிறியபோது, தியோமான், ரெடாங், பாயார் தீவுகளில் நீரடி காணும் இடங்கள் சில தற்காலிகமாக மூடப்பட்டன. 2024இல் உலகளாவிய நான்காம் வெளிறல் அறிவிக்கப்பட்டது. வெப்பத்துக்கு எல்லைக்கோடு கிடையாது. இரண்டு கடல் மைல் வேலி அதனைத் தடுக்காது. ஆயினும் மிதியும் நங்கூரமும் குப்பையும் இல்லாத பவளமே வெப்பம் தணிந்தபின் மீண்டெழும் வலிமை உடையது. ஆதலின் சிறு விதிகள் சிறியவை அல்ல.

தமிழர் இக்கடலை முன்னர்க் கடந்தது வணிகத்துக்காகவும் வெற்றிக்காகவும். பின்னர்க் கடந்தது வயிற்றுக்காக. முத்துக் குளித்தோரும் பால்மரம் வெட்டியோரும் பிறர் செல்வத்துக்காக மூச்சடக்கி வாழ்ந்தனர். எதையும் எடுக்க வேண்டாது, எவருக்கும் கூலி உழைக்க வேண்டாது, கடலைக் காண்பதற்காகவே கடலுக்குச் செல்லும் பேறு அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கே முதன்முதலாக வாய்த்துள்ளது. அது சிறு விடுமுறை இன்பமாகத் தோன்றலாம்; உண்மையில் அது பாட்டன் பாட்டியர் கொடுத்த விலையால் கிடைத்த உரிமை.

மாலையில் விசைப்படகு கூவாவை நோக்கித் திரும்புகையில், பிள்ளைகளின் கையில் சங்கும் இல்லை, பவளமும் இல்லை. வெறுங்கையோடு அவர்கள் திரும்புவதே அந்நாளின் வெற்றி. கடாரக் கடலில் இதுவரை வந்துபோனோர் பலரும் எதையேனும் கொண்டே சென்றனர். கண்ணால் மட்டும் கொண்டு செல்லும் ஒரு தலைமுறை உருவாகுமாயின், பாயாரின் பவளப்பார் அவர்களின் பேரருக்கும் காத்திருக்கும்.