ஸ்டோரில் படித்த கைவேலை

நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு மகாகஸ்தோட்ட ஏற்றத்தில் கார் ஓட்டம் நடக்கும். துரைமார் காலத்தில், 1934இல் தொடங்கியது. சனம் சாரதிக்குக் கைதட்டும். கடைசல்காரனான எனக்குக் கண் போவது இஞ்சினின் அடிப்பக்கம். மலைநாட்டில் பழைய கார்களுக்கு முதலில் போவது, பிஸ்டனின் அடியைச் சுழற்சியாக்கும் கிராங்க்தான்.

ரோடு அப்படி. கித்துல்கலையில் இருந்து கினிகத்தேனை ஏறி அட்டனுக்கு வந்தால் 1,200 மீற்றருக்கு மேல். நுவரெலியா இன்னும் 600 மீற்றர் உயரத்தில். கியர் மாற்றச் சோம்பல்பட்டு இஞ்சினை முக்கவைத்து ஏற்றுகிறவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு வெடிப்பும் கிராங்க் பின்னை ஒரே பக்கத்தில் அடிக்க, வட்டமான பின் நீள்வட்டமாகிவிடும். அதிலும் ஆரம்பகால ஒஸ்டின் செவன் பெரிய பாவம். 747 சிசி இஞ்சின், கிராங்கைத் தாங்க முன்னும் பின்னுமாக இரண்டே மெயின் பெயாரிங். நடுப்பகுதி வளைந்து வளைந்து ஒருநாள் முறியும்.

இதையெல்லாம் நாங்கள் கார்க் கம்பனிகளிடம் படிக்கவில்லை, தோட்டங்களில் படித்தோம். ஜோன் வோக்கர் 1854இல் கண்டியில் பட்டறை போட்டது கோப்பிக்காக. பிரவுண் கம்பனி 1875இல் அட்டனிலேயே தொடங்கியதும் தோட்டங்களை நம்பித்தான். கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தபின், ரோலரையும் டிரையரையும் ஓட்ட ஸ்டோர்களில், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளில், பெரிய ஒயில் இஞ்சின்கள் வந்தன. என் அப்பா அப்படியொரு ஸ்டோரில் இஞ்சின் டிரைவர். இஞ்சின் நின்றால் வாடிய கொழுந்து கெட்டுப்போகும், டீமேக்கர் கத்துவார். அதனால் பெயாரிங்கை இராத்திரியோடு இராத்திரியாக வைட் மெட்டல் என்ற மிருதுவான உலோகக் கலவையை உருக்கி ஊற்றி, காலையில் சுரண்டிப் பொருத்திவிடுவார்கள். கிராங்கைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டிப்பார்ப்பார் அப்பா. நல்லது மணி மாதிரி நீளமாக ஒலிக்கும், வெடிப்பு விழுந்தது மொக்கையாகச் சத்தம்போடும். சந்தேகமாக இருந்தால் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சுண்ணாம்புத்தூள் பூசவேண்டும். வெடிப்பிருந்தால் எண்ணெய் கசிந்து கோடு காட்டிக்கொடுக்கும்.

1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. காரும் வரவில்லை, சாமானும் வரவில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு மிச்சமிருந்த வெள்ளைத் துரைமாரும் கப்பலேற, கார்கள் கிளாக்கர்மாரிடமும் டவுன் முதலாளிமாரிடமும் வந்து சேர்ந்தன. அதே காலத்தில்தான் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி எங்கள் தோட்டத் தமிழ்ச் சனம் இந்தியாவுக்குப் போகத் தலைமன்னாருக்கு ரயிலேறியது. பட்டறைக் கைகளும் போயின. கார் இங்கே தங்கியது, அதைத் திருத்தத் தெரிந்தவன் நீலகிரியில் கூலிவேலைக்கு நின்றான். இதை எந்தக் கார்க் கிளப்காரரும் பேசிக் கேட்டதில்லை.

மிஞ்சியவர்கள் சமாளித்தார்கள். தேய்ந்த பின்னை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 10 பங்கு, பிறகு 20, 30 என்று கிரைண்ட் பண்ணுவோம். அந்த அளவுக்குரிய ரெடிமேட் பெயாரிங் ஷெல் கிடைக்காது; வைட் மெட்டல்தான் கதி. பின் தோளோடு சேரும் மூலையைக் கூராக விட்டால் வெடிப்பு அங்கேயே தொடங்கும், வளைவாகத்தான் விடவேண்டும். சரிவராவிட்டால் வேறொரு இஞ்சினின் கிராங்கைப் பொருத்தப் பார்ப்போம். முதலில் ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை, அளக்கவேண்டும். மொரிஸ் மைனர் 948 சிசிக்கு 76.2 மில்லிமீற்றர், 1098க்கு 83.72. பெரியதைச் சின்ன இஞ்சினில் அப்படியே போட்டால் பிஸ்டன் அந்த வித்தியாசத்தில் பாதி, மூன்றேமுக்கால் மில்லிமீற்றர், கூடுதலாக மேலேறி ஹெட்டில் இடிக்கும். பிஸ்டனையும் சேர்த்து மாற்றாமல் முடியாது.

1977இல் இறக்குமதி திறந்ததும் ஜப்பான் கார்கள் குவிந்தன, எங்கள் கிரைண்டர் தூசிபிடித்தது. 2020 மார்ச்சில் மறுபடி வாகன இறக்குமதித் தடை. 2025 வரை தனியார் கார்களுக்கு அது நீங்கவில்லை. கொட்டில்களில் கிடந்த கிராங்குகள் சாக்கில் சுற்றி வந்தன. ஒஸ்டின் செவனுக்கு இப்போது இங்கிலாந்தில் புதுக் கிராங்கே செய்கிறார்கள். வசதியுள்ள கொழும்புக்காரர்கள் தருவிக்கிறார்கள். ஆனால் வைட் மெட்டல் பெயாரிங்கை அந்தந்தக் கிராங்கில் பொருத்திப்பார்த்துத்தான் சுரண்டவேண்டும் என்பதால், புதுக் கிராங்கோடு பழைய இஞ்சினும் லொறியில் ஏறி அட்டனில் எங்கள் பட்டறைக்கு வருகிறது.