ஆங்கில மொழி: தோற்றமும் வளர்ச்சியும்

ஆங்கிலம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் மேற்கு ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்த மொழி. ரோமானியப் படைகள் விலகிய பிரிட்டனில், கி.பி. 5ஆம் நூற்றாண்டு முதல் வட கடலைத் தாண்டி வந்து குடியேறிய ஆங்கிள், சாக்சன், ஜூட் இனத்தார் பேசிய வழக்குகளே இதன் மூலம். அந்தப் பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் வேற்றுமை உருபு ஏற்றன; இலக்கணப் பால் மூன்று இருந்தன. தனியே பயிலாத இன்றைய ஆங்கிலேயருக்கு அது ஏறக்குறைய அயல்மொழிதான்.

9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வைக்கிங்குகள் குடியேறினர். 'ஸ்கை', 'எக்' போன்ற சொற்களோடு 'தே' என்ற படர்க்கைப் பெயரும் அவர்கள் மொழியிலிருந்து வந்தது. பிரதிப்பெயரையே கடன் வாங்குவது மொழிகளில் அரிது.

1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் பிரெஞ்சு பேசிய நார்மானியர் வென்றபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு அமர்ந்தது. தமிழ்நாட்டிலும் அன்றாடம் புழங்கும் கோர்ட், ஜட்ஜ், அப்பீல் எல்லாம் பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குள் வந்தவை. இதே காலத்தில் பழைய வேற்றுமை உருபுகளும் தேய்ந்தன, அவற்றின் வேலையைச் சொல்வரிசை ஏற்றுக்கொண்டது. நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டுமென 1362இல் சட்டம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது.

1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். எந்த வட்டார வழக்கில் அச்சிடுவது என்பதே அவருக்குப் பெரும் சிக்கல். 1490இல் எழுதிய முன்னுரையொன்றில் அவர் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார்: கடல் பயணத்தில் காற்று வாய்க்காமல் கரையேறிய வணிகர் ஒருவர், ஒரு வீட்டில் முட்டை கேட்டார். அவர் சொன்னது வடக்கத்திய 'எக்'. அந்த வீட்டுப் பெண்ணோ தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாள். வணிகருக்கும் பிரெஞ்சு தெரியாது, கோபம் வந்துவிட்டது. இன்னொருவர் 'எய்ரென்' என்று கேட்ட பிறகே அவளுக்கு விளங்கியது.

அச்சு எழுத்துக்கூட்டலை நிலைப்படுத்திக்கொண்டிருந்த அதே காலத்தில் நெடில் உயிரொலிகள் வரிசையாக இடம் மாறிக்கொண்டிருந்தன. 'நைட்' (knight) என்ற சொல்லின் தொடக்கத்தில் அன்று ஒலித்த ககரம் பின்னர் பேச்சிலிருந்து மறைந்தது. எழுத்தில் அப்படியே நின்றுவிட்டது. ஆங்கில எழுத்துக்கூட்டலின் குழப்பம் பெரிதும் இந்தக் காலத்து எச்சம்தான்.

கடல் வணிகமும் குடியேற்ற ஆட்சியும் மொழியைக் கண்டங்கள்தோறும் கொண்டுசென்றன. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகிய தமிழ்ச் சொற்கள் உருமாறி அதில் சேர்ந்தன. மொழியை ஒழுங்குபடுத்தும் முயற்சிகளும் நடந்தன: சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி 1755இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1712இல், எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் மொழியைக் காக்க ஓர் அமைப்பு வேண்டுமென முன்மொழிந்தார், அது நிறைவேறவில்லை. பிரெஞ்சுக்கு 1635 முதல் உள்ளதுபோன்ற அதிகாரபூர்வ மொழிக் கழகம் ஆங்கிலத்துக்கு இன்றும் இல்லை.