பாட்டு நம்முடையது, கணக்கு யாருடையது?

மரக்காணம் உப்பளத்தில் பலகை பிடித்து உப்பை இழுத்துக் கரையேற்றுகிறவருக்குக் கூலி மட்டும்தான். உப்புக்கு விலை வைக்கிறவர் வேறு ஆள். மழைக்காலம் வந்தால் அந்தக் கூலியும் இல்லை. எங்களோடு மாலையில் உட்கார்ந்து ராப் எழுதும் தம்பி தங்கைகள் இந்த வீடுகளிலிருந்துதான் வருகிறார்கள். கையில் இருப்பது ஒரு செல்போன், ஒரு இரவல் மைக், இணையத்தில் எடுத்த இலவச பீட்.

பாட்டு எழுதுவது எங்களுக்குச் சிரமமாக இருந்ததே இல்லை. சிக்கலெல்லாம் அதற்குப் பிறகுதான். 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணம் கட்டையன் தெருவில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. அந்த நாளைப் பற்றி வெளியார் நிறையப் பேசிவிட்டார்கள். அன்று சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள் இப்போது தாங்களே எழுதினார்கள். வெளியிட்ட சில நாளில், அந்த ‘இலவச’ பீட் தன்னுடையது என்று யாரோ உரிமை கோரினார். பாட்டு முடங்கியது. முறையிடலாம் என்றால் சேனலைத் திறந்த தம்பி சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டான். அவன் போன் தொலைந்ததில் பாஸ்வேர்டும் போய்விட்டது.

அப்போதுதான் நாங்கள் பழைய வரலாற்றைத் திரும்பப் படித்தோம்.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரைத் தலைப்பில் வைத்தது துணிச்சல். அதை 1900 வரை நடத்திக் காட்டியது அதைவிடப் பெரிய வேலை. 1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசர் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைக் கொண்டுவந்தார். பெயரிலேயே விலை இருந்தது. அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ ஆனது. 1914இல் அவர் மறையும்வரை அதில் எழுதிக்கொண்டே இருந்தார். பிறருடைய பத்திரிகையில் இடம் கேட்டு அவர்கள் காத்திருக்கவில்லை. எதை அச்சிடுவது என்ற முடிவைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள்.

ஹிப்ஹாப்பின் கதையும் இதே கேள்வியில்தான் வந்து நிற்கிறது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஒரு குடியிருப்பின் பொது அறையில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்தையே அதன் பிறப்பாகச் சொல்கிறார்கள். ஆறே ஆண்டில், 1979இல், ‘ராப்பர்ஸ் டிலைட்’ உலகமெங்கும் விற்றது. அதில் ஒருவர் பாடிய வரிகள் கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற பிராங்க்ஸ் கலைஞரின் நோட்டிலிருந்து போனவை. அவர் பெயர் அதில் வரவில்லை.

நம் ஊருக்கு வருவோம். 2018 ஜனவரியில் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவைச் சென்னையில் மேடையேற்றினார்கள். கானாவும் ராப்பும் பறையும் ஒரே மேடையில் நின்றன. பெயர் அயோத்திதாசரின் ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்த மேடையிலிருந்து எழுந்த அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் கதையிலிருந்து ‘என்ஜாய் எஞ்சாமி’யை எழுதினார். 2021 மார்ச்சில் அது வெளியானது. அதே ஆண்டு ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ முதலில் வெளியிட்ட அட்டைப்படத்தில் அவர் இல்லை. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அவர் இல்லை. பாட்டில் யாருடைய பங்கு எவ்வளவு என்று கலைஞர்களுக்குள்ளேயே விவாதம் எழுந்தது. 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். கோடிக்கணக்கானவர் கேட்ட பாட்டுக்கே இந்தக் கதி.

அதனால்தான் சொல்கிறோம், தோழர்களே: மேடை கிடைப்பது பாதி வெற்றிதான். 2012இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையைக் கொடுக்கிறது. ஆனால் யார் எழுதியது என்ற பதிவே இல்லாவிட்டால் அந்தச் சட்டத்தை வைத்து என்ன செய்வது? யூடியூபில் நீள வீடியோக்களை வைத்து விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். மழைக்காலத்தில் ரீசார்ஜுக்கே காசில்லாத பிள்ளைகள் அதை நம்பிப் பிழைக்க முடியாது. ஆனால் யாருடைய உரிமை எது என்று எழுதிவைக்கச் செலவில்லை.

இப்போது எங்களிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. யார் எழுதினார், யார் மெட்டமைத்தார், யார் பாடினார், வந்தால் யாருக்கு எவ்வளவு என்று எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பாட்டு வெளியே போகிறது. பாஸ்வேர்டு மூன்று பேரிடம் இருக்கிறது, அதில் இருவர் பெண்கள். பீட்டைப் பறையிலும் தகரத்திலும் நாங்களே தட்டிப் பதிகிறோம்.

கட்டையன் தெருப் பாட்டை அந்தத் தாளத்தில் மறுபடியும் பதிந்துகொண்டிருக்கிறோம். நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது அந்தப் பாட்டுதான்.