தன்பாலீர்ப்பும் கத்தோலிக்க நம்பிக்கையும்: திருச்சபை உண்மையில் என்ன சொல்கிறது?

செம்பூர் சகாய மாதா கோவிலிலோ மாட்டுங்கா டான் பாஸ்கோ மாதா கோவிலிலோ ஞாயிறு பூசைக்குப் போகிறவரா நீங்கள்? 'நான் கே. எனக்கு இங்கே இடம் உண்டா?' என்ற கேள்வி மனசுல இருந்தா, இதைத் தெரிஞ்சுக்கோங்க.

மும்பை பேராயர் என்ன சொன்னார்?
2013 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் 377-வது பிரிவை மீண்டும் உயிர்ப்பித்தது. அப்போது மும்பை பேராயராக இருந்த கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ், தன்பாலீர்ப்பாளர்களைத் திருச்சபை குற்றவாளிகளாகப் பார்ப்பதில்லை என்றார். ஆனால் தன்பாலினத் திருமணத்தை ஏற்கவில்லை. 2018 செப்டம்பர் 6 தீர்ப்புக்குப் பிறகு, வயது வந்தோர் சம்மதத்துடன் கொள்ளும் உறவு சட்டப்படி குற்றமல்ல.

அப்போ இது பாவமா?
ஈர்ப்பு பாவமல்ல, 1986-ல் வத்திக்கான் வெளியிட்ட கடிதமே இதைச் சொல்கிறது. ஆனால் அதே கடிதம் அந்த ஈர்ப்பை ஒழுங்கு தவறியது என்கிறது; உடலுறவைப் பாவம் என்கிறது. திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண்கள் 2357-2359) கற்போடு வாழச் சொல்கிறது. கூடவே, இவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாடு கூடாது என்றும் சொல்கிறது. பிரசங்கத்தில் முதல் பாதி மட்டும் காதில் விழுந்தால், இரண்டாவது பாதியும் அதே நூலில் இருப்பதை மறக்காதீங்க.

ஆசீர்வாதம் கிடைக்குமா?
2023 டிசம்பர் 18-ல் திருத்தந்தை பிரான்சிஸ் ஒப்புதலோடு வந்த அறிக்கை, தன்பாலின ஜோடிகளை குருக்கள் ஆசீர்வதிக்கலாம் என்றது. ஆனால் அது திருமணச் சடங்கு போல இருக்கக் கூடாது.

சாமியாரிடம் சொல்லலாமா?
பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதை எந்தக் குருவும் வெளியே சொல்ல முடியாது. மீறினால் திருச்சபையிலிருந்தே விலக்கப்படுவார். ஆனால் பங்கு அலுவலகத்தில் சும்மா பேசுவதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. வீட்டில் இன்னும் சொல்லலைன்னா, இந்த வித்தியாசம் முக்கியம்.

'டாக்டர்கிட்ட போனா மாறிடும்' என்றால்?
மாறாது, இது நோயல்ல. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 உத்தரவைத் தொடர்ந்து, இப்படி 'மாற்றும் சிகிச்சை' தருவது தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்தது. மருத்துவர் மீது மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் தரலாம்.

திருச்சபையின் போதனை இன்னும் மாறவில்லை. அதோடு முரண்பட்டபடியே பூசைக்குப் போகிறவர்களும் உண்டு, விலகியவர்களும் உண்டு. முடிவு உங்களுடையது. ஆனால் ஞானஸ்நானம் பெற்ற உங்களை, கே என்பதற்காக மட்டும் 'நீ கத்தோலிக்கரே இல்லை' என்று சொல்ல திருச்சபைச் சட்டத்தில் இடமில்லை.