ஃப்யூவல் செல் குரோவ் தோற்ற வழக்கு

ஹைட்ரஜன் காரைப் பற்றி யார் எழுதினாலும் முதல் பத்தியிலேயே வில்லியம் ராபர்ட் குரோவ் என்ற பெயர் வந்துவிடும். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1839லேயே காட்டியவர். பெரும்பாலும் அதோடு அவரை விட்டுவிடுவார்கள். அந்த மனுஷன் பிழைப்புக்குச் செய்தது வக்கீல் தொழில். அதிலும் பேட்டன்ட் வழக்குகள் அவருடைய தனிப்பாதை.

1811ல் வேல்ஸில் இருக்கும் ஸ்வான்ஸியில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் பட்டம், 1835ல் பாரிஸ்டர். நடுவில் சில வருஷம் லண்டன் இன்ஸ்டிட்யூஷனில் பேராசிரியர் வேலை. குடும்பம் பெருகியது, சம்பளம் போதவில்லை, கோர்ட்டுக்கே திரும்பிவிட்டார். ராயல் சொசைட்டி உறுப்பினர் ஒருவர் கருப்பு அங்கி மாட்டிக்கொண்டு எதிர்த்தரப்பு சாட்சியிடம் கெமிஸ்ட்ரி கேள்வி கேட்டால் எப்படி இருக்கும்? ஜெயித்துவிடுவார் என்றுதானே நினைப்போம். 1854 டிசம்பரில் லண்டனில் நடந்த டால்பாட் எதிர் லரோஷ் வழக்கு அப்படி முடியவில்லை.

ஹென்றி ஃபாக்ஸ் டால்பாட் 1841ல் கேலோடைப் என்ற புகைப்பட முறைக்கு பேட்டன்ட் வாங்கியிருந்தார். வெள்ளி அயோடைடு பூசிய காகிதத்தைக் கேமராவில் வைத்து எடுத்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. படம் உள்ளே ஒளிந்திருக்கும். அதன்மேல் வெள்ளி நைட்ரேட்டும் கேலிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசினால் படம் மெல்ல மேலே வரும். கேலிக் அமிலம் வேறெங்கோ கிடைக்கிற அபூர்வப் பொருள் இல்லை, நம்ம நாட்டு மருந்துக்கடை மாசிக்காயில் இருப்பதுதான்.

1851ல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்பவர் வேறொரு முறையை பேட்டன்ட் எதுவும் வாங்காமல் பத்திரிகையில் எழுதிவிட்டார். காகிதத்துக்குப் பதில் கண்ணாடி. அதன்மேல் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான படலம். படத்தை வெளியே கொண்டுவரப் பைரோகேலிக் அமிலம். படம் துல்லியமாக வந்தது, ஸ்டுடியோக்காரர்கள் எல்லாரும் இதற்கு மாறினார்கள். டால்பாட்டோ, "இதுவும் என் முறைதான், லைசென்ஸ் எடு" என்றார். 1852ல் அமெச்சூர்களை விட்டுவிட்டார், காசுக்குப் போர்ட்ரெய்ட் எடுப்பவர்களை மட்டும் விடவில்லை. ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்த லரோஷ் பணம் கட்ட மறுத்தார்.

டால்பாட் தரப்பு வக்கீல்களில் குரோவ் ஒருவர். அவர் டால்பாட்டின் நண்பர். டாகரோடைப் தகட்டை மின்சாரத்தால் அரித்து அச்சுத்தகடு ஆக்கும் முறையை 1841லேயே வெளியிட்டவர். அந்த வழக்குக்கு அவரைவிடப் பொருத்தமான வக்கீல் இங்கிலாந்தில் இருந்திருக்க மாட்டார்.

வழக்கின் முடிச்சு இதுதான்: கேலிக்கும் பைரோகேலிக்கும் ஒன்றா? கேலிக் அமிலத்தைச் சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடு போய்விடும், மிச்சம் நிற்பது பைரோகேலிக். ஆக, சொந்தக்காரப் பொருள்கள். ஒளிந்திருக்கும் படத்தை வெளியே கொண்டுவருவதுதான் இரண்டுக்கும் வேலை. வேலை ஒன்று என்பதால் பொருளும் ஒன்று என்று சொல்லிவிடலாமா? எங்கள் தொழிலில் இது தினப்படி சண்டை. இரண்டு ப்ரோக்ராமுக்கும் ஒரே இன்புட், ஒரே அவுட்புட், உள்ளே கோடு வேறு. காப்பியா இல்லையா?

ரசாயனப் பேராசிரியர்கள் கூண்டேறினார்கள். கேலிக் அமிலத்தை டால்பாட்டுக்கு முன்பே பாதிரியார் ஜோசப் ரீட் பயன்படுத்திவிட்டார் என்பது லரோஷ் தரப்பின் இன்னொரு வாதம். இத்தனையையும் கேட்டு முடிவு சொல்ல வேண்டியது சாதாரண ஜூரி. மூன்று நாள் விசாரணைக்குப் பிறகு இரண்டு பதில் சொன்னார்கள்: கேலோடைப்பை முதலில் கண்டுபிடித்தவர் டால்பாட்தான், ஆனால் லரோஷ் அதை மீறவில்லை.

எனக்கு இது சரியான தீர்ப்பாகத்தான் படுகிறது. ஒளிந்த படத்தை வெளிக்கொண்டுவரும் எல்லா வழியும் டால்பாட்டுக்கே என்று ஆகியிருந்தால், ஆர்ச்சர் ஊருக்கே சும்மா கொடுத்ததற்கு வேறொருவர் வாடகை வாங்கியிருப்பார். டால்பாட்டின் பேட்டன்ட் நீட்டிக்கப்படாமல் 1855ல் காலாவதியானது. கொலோடியன் முறை ஸ்டுடியோக்களை ஆண்டது. ஆர்ச்சர் 1857ல் ஏழையாகவே செத்தார், அது தனிச்சோகம்.

குரோவ் ஓயவில்லை. 1856ல் விஷம் வைத்துக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட டாக்டர் வில்லியம் பால்மருக்காக வாதாடியவர்களில் அவரும் உண்டு. பிணத்தில் ஸ்ட்ரிக்னைன் கிடைக்கவே இல்லை, இருந்தும் பால்மர் தூக்கில் தொங்கினார். அங்கேயும் ஜூரிக்கு முன்னால் கெமிஸ்ட்ரிதான்.

1862ல் பேட்டன்ட் சட்டத்தை ஆராய அமைத்த ராயல் கமிஷனில் குரோவ் ஓர் உறுப்பினர். பிறகு வந்த அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று: பேட்டன்ட் வழக்கை அறிவியல் தெரிந்த துணைவர்களை வைத்துக்கொண்டு நீதிபதியே விசாரிக்கட்டும், இரு தரப்பும் கேட்டால் ஒழிய ஜூரி வேண்டாம். இதைப் படிக்கும்போது டால்பாட் வழக்கு ஞாபகம் வராமல் இருக்குமா? அது சட்டமாக 1883 வரை ஆயிற்று. அதற்குள் குரோவே 1871ல் நீதிபதி ஆகியிருந்தார்.