இரசாயன இடர் பற்றிய அறிவு பொதுச்சொத்தாதல் வேண்டும்

1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி நள்ளிரவையொட்டி, இந்தியாவின் போபால் நகரிலிருந்த யூனியன் கார்பைட் பூச்சிகொல்லித் தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ 40 தொன் மெதைல் ஐசோசயனேற்று வாயு கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மூச்சுத்திணறலோடு வைத்தியசாலைகளுக்கு ஓடிவந்தோர் சுவாசித்தது எவ்வாயு, அதற்கு என்ன சிகிச்சை என்பதை அறியாது வைத்தியர்கள் தவித்தனர். நச்சுப்பொருள் பற்றிய அறிவு ஓரிடத்தில் முடங்கிக் கிடப்பின் அது மக்கள் உயிருக்கே உலைவைக்கும் என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டியதில்லை.

இரசாயனப் பொருளொன்றின் இடரை மதிப்பிடும் நிபுணர்கள் இரண்டு விடயங்களை நோக்குகின்றனர். ஒன்று, அப்பொருளின் இயல்பான நச்சுத்தன்மை. மற்றையது, மனிதரும் சூழலும் எந்தளவுக்கு, எவ்வளவு காலத்துக்கு அதற்கு ஆட்படுகின்றனர் என்பது. நச்சுத்தன்மையை அறியும் பரிசோதனைகளுக்குப் பெரும் பணமும் நீண்ட காலமும் தேவை. விலங்குகளும் பலியாகின்றன. ஓரிடத்தில் முறையாக நடந்த பரிசோதனையை இன்னோரிடத்தில் மீண்டும் நடத்துவது வீண்செயலாகும்.

இதனையுணர்ந்தே, ஓர் அங்கத்துவ நாட்டில் ஒழுங்குவிதிப்படி பெறப்பட்ட பரிசோதனைத் தரவுகளை ஏனைய அங்கத்துவ நாடுகளும் ஏற்கவேண்டுமெனப் பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு 1981இல் தீர்மானித்தது. அவ்வமைப்பின் ‘ஈகெம்போர்ட்டல்’ 2007இல் தொடங்கப்பட்டது. பல நாடுகளின் தரவுத்தளங்களை ஒரே இடத்திலிருந்து இலவசமாகத் தேட அது வழிசெய்கின்றது. உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனமும் வெளியிடும் பாதுகாப்பு அட்டைகளைப் பல நாட்டு நிபுணர்கள் கூடிப் பரிசீலித்தே தயாரிக்கின்றனர். அவ்வாறான அட்டைகள் ஏறத்தாழ 1,700 இணையத்தில் உள்ளன. 2007 ஜூன் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ரீச்’ சட்டமோ, ஒரே பொருளைப் பதிவுசெய்யும் கம்பனிகள் முள்ளந்தண்டு விலங்குகள் மீதான பரிசோதனைத் தரவுகளைத் தம்முள் பகிரவேண்டும் எனக் கட்டாயப்படுத்துகின்றது.

எனினும் குறைகள் உள. ‘ரீச்’ சட்டத்தின்கீழ் பொதுமக்கள் பார்வைக்கு வருபவை பெரும்பாலும் ஆய்வுச் சுருக்கங்களே. முழு அறிக்கைகள் கம்பனிகளின் உடைமையாகவே உள்ளன. அவற்றைச் சுயாதீனமாகச் சரிபார்ப்பது எளிதன்று.

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. நச்சுத்தன்மை பற்றிய தரவைப் பிறரிடமிருந்து பெறலாம். ஆட்படும் அளவையோ அந்தந்த மண்ணிலேயே அறியவேண்டும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து மருந்து தெளிப்பவருக்காகக் கணித்த இடர், கொளுத்தும் வெயிலில் வெறுங்காலோடு வயலில் நிற்பவருக்குப் பொருந்தாது.

இவ்விடயத்தில் எமது நாடும் உலகுக்கு ஒரு பாடத்தை வழங்கியுள்ளது. கடும் நச்சுத்தன்மையுடைய பூச்சிகொல்லிகளை இலங்கை 1995இலும் என்டோசல்பானை 1998இலும் தடைசெய்தது. 1990களின் நடுப்பகுதியில் உச்சத்திலிருந்த தற்கொலை மரண வீதம் 2005 அளவில் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. இவ்வனுபவம் சர்வதேச ஆய்வேடுகளில் வெளிவந்தமையாலேயே பிற நாட்டவரும் அதனை அறிந்து பயன்பெற முடிந்தது.

ஆகவே பெறுவது மட்டுமன்றிக் கொடுப்பதும் எமது கடமையே. எமது வைத்தியசாலைகளும் விவசாயத் திணைக்களமும் பல்கலைக்கழகங்களும் தாம் அறிந்தவற்றைத் திரட்டி உலகோடு பகிரவேண்டும். அவ்வறிவு தமிழிலும் சிங்களத்திலும் தொழிலாளியின் கைக்கும் எட்டவேண்டும். நஞ்சைக் கையாள்பவன் அதனை அறியாதிருக்க, நிபுணர் மட்டும் அறிந்திருப்பதால் ஆவதென்ன?