வண்டலூர் ஹெரால்டும் வீட்டு முற்றத்துப் பழுதுபார்ப்பும்

தென்சென்னைப் புறநகரின் மோட்டார் வரலாற்றை மறைமலைநகரின் ஃபோர்டு ஆலையிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, 1948-இல் நிறுவப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையோரம் பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடைப்பட்ட தன் ஆலையில் கார்களை உருவாக்கிவந்தது. அவற்றுள் 1961 முதல் இங்கே வெளிவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, உரிமையாளரே வீட்டு வாசலில் நிறுத்திப் பழுது நீக்கிக்கொள்ளக்கூடிய காராக அமைந்தது.

இதற்கான காரணம் இங்கிலாந்தில் இருந்தது. அங்குள்ள தாய் நிறுவனத்துக்கு உடற்கூடு செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ 1953-இல் போட்டியாளரான பி.எம்.சி.யின் கைக்குப் போய்விட, முழுக்கூட்டையும் ஒரே இடத்தில் செய்து வாங்க வழியற்றுப்போனது. ஆகவே 'சேஸி' எனப்படும் அடிச்சட்டத்தைத் தனியே வைத்து, வெவ்வேறு இடங்களில் செய்த தகட்டுப் பகுதிகளை அதன்மேல் போல்ட்டு போட்டு முடுக்கும் அமைப்பை அந்நிறுவனம் மேற்கொண்டது. அடிபட்ட பகுதியை மட்டும் கழற்றி மாற்ற முடிந்ததும், மட்கார்டுகளோடு சேர்ந்து பானெட் முழுவதுமாக முன்பக்கம் சாய்ந்ததால் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தே எஞ்சின் வேலை பார்க்க முடிந்ததும் இதன் விளைவே.

இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த அக்காலத்தில் இந்த எளிமைக்குப் பெருமதிப்பு இருந்தது. எஞ்சினில் தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தக்க நேரத்தில் துண்டிக்கும் 'சிபி பாயிண்ட்' கருகினால், உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இடைவெளியை 15 'தவ்' அளவுக்கு, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்குக்குச் சரிசெய்வதே போதுமானதாக இருந்தது. ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகட்டளவியும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் இருந்தால் வேலை முடிந்துவிடும்.

மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய ஆபத்தைத் தடுத்த வேலை முன்சக்கரத்தின் 'டிரன்னியன்' சார்ந்தது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்புத் தண்டின் அடிமுனை, இந்த வெண்கலக் கட்டைக்குள் மரையோடு இறங்கி, ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையிலேயே சுழல்வதால், அங்கே கெட்டியான கியர் ஆயில் ஏற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளரின் விதி. மற்ற இடங்களுக்குப் போடும் கிரீஸையே இங்கும் அடித்துவிட்டால், அது மரையின் அடிவரை இறங்காமல் இறுகி, உள்ளே நீர் புகுந்து துருவேறி, ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, அடியிலுள்ள திருகைக் கழற்றி எண்ணெய் ஏற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. அலட்சியத்தால் தண்டு முறிந்தபின் ஆகும் செலவோடு ஒப்பிட அந்த எண்ணெயின் விலை ஒன்றுமேயில்லை.

ஹெரால்டின் இடத்தில் 1970களில் கெஸல் வந்தது. 1985-இல் வெளியான ஸ்டாண்டர்டு 2000 சந்தையில் நிலைக்காமற்போக, 1988-இல் கார் உற்பத்தியே நின்றது. அதன்பின் ஓடிய ஹெரால்டுகளுக்கு ஆலையின் ஆதரவு இல்லை. புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளும், தேய்ந்ததை ஒத்த புதியதைக் கடைந்து தரும் லேத் பட்டறைகளுமே கதியாயின. ஆலை இருந்த நிலத்தில் இன்று தகவல் தொழில்நுட்ப வளாகம் நிற்கிறது. அந்த ஆலையின் தொழிலாளர் குடும்பங்களிலும் பழைய ஹெரால்டு உரிமையாளர்களிடமும் பணிமனைக் கையேடுகளோ பாகப் பட்டியல்களோ எஞ்சியிருந்தால், அவை பழைய காகிதக் கடைக்குப் போவதற்கு முன் நூலகங்களிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.